பாத்ரூம் சாவிக்கு ஒரு பக்கம்

தண்ணீரைப் பற்றி இந்தியாவிலேயே அதிகம் பேரைப் படிக்க வைத்த மனிதர் குற்றாலத்தில் இருக்கிறார். அப்படிப் படித்தவர்களில் ஒருவர்கூடப் படிப்பதற்காக அவரிடம் போனதில்லை என்பதுதான் விசேஷம்.

பெயர் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. 'ஒத்தப்பக்கம் அண்ணாச்சி' என்றால் ஆட்டோக்காரர் நேரே ஐந்தருவி ரோட்டில் ஒரு பழைய பங்களா வாசலில் இறக்கிவிடுவார். உலக அளவில் தண்ணீர் ஆராய்ச்சி செய்யும் ஓர் அமைப்பின் கிளை நூலகம் அது. பதினான்கு அலமாரி, ஒரு நூலகர். அந்த நூலகர்தான் அண்ணாச்சி. போன வருஷ சீசனில் நான் அவரிடம் மூன்று மாதம் இன்டர்ன்.

எனக்கு வயது நாற்பத்தேழு. பத்திரிகை வேலை போனபின் அஞ்சல் வழியில் நூலகப் படிப்பு படித்தேன். எங்காவது இன்டர்னாக இருந்தால்தான் சான்றிதழ் என்றார்கள். மகன் பெங்களூரில் இன்டர்ன், அப்பா குற்றாலத்தில் இன்டர்ன். வீட்டில் உத்தியோகம் பார்க்கிற ஒரே ஆள் என் மனைவி.

முதல் நாள் தென்காசியிலிருந்து பஸ் ஏறிப் போய்க் கடிதத்தை நீட்டினேன். அண்ணாச்சி கடிதத்தைப் பார்த்தார். என் நரையைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"தம்பி வெளிய நிக்கானா?"

"எந்தத் தம்பி?"

"இன்டர்ன் வருதான்னு மெயில் வந்துச்சு. நீங்க அவனுக்கு அப்பாதான?"

சீசனில் குற்றாலத்தில் எது வேண்டுமானாலும் கிடைக்கும், சுத்தமான பாத்ரூமைத் தவிர. நூலகத்தில் அது ஒன்று இருந்தது. தாழ்ப்பாள்கூட ஒழுங்காக விழும். அருவியில் குளித்துவிட்டுத் தலையில் எண்ணெய் மிச்சத்தோடும் தோளில் ஈரத்துண்டோடும் வருகிறவர்கள் மோப்பம் பிடித்து உள்ளே வந்துவிடுவார்கள். அண்ணாச்சி யாரையும் விரட்டியதில்லை.

"சார், பாத்ரூம்..."

"இருக்கு. எந்த ஊரு?"

"ராயகிரி."

அண்ணாச்சி எழுந்து போய், பார்க்காமலே ஓர் அலமாரிக்குள் கைவிட்டு, கிணறுகள் ஏன் வற்றுகின்றன என்ற புத்தகத்தை எடுத்து வருவார்.

"ஒரு பக்கம் படிங்க. சாவி தாரேன்."

ஈரக்கை பட்டால் தாள் கெட்டுவிடும் என்று, எக்ஸ்ரே காட்டுகிற டாக்டர் மாதிரி புத்தகத்தை அவரே எதிராளியின் முகத்துக்கு நேரே பிடிப்பார். இங்கிலீஷ் வராதவர்களுக்கு வாசித்து அர்த்தம் சொல்வார். ஏமாற்றவும் முடியாது. "ஏலே, மூணாவது பாராவத் தாண்டிட்டயே!" என்று பிடித்துவிடுவார். பிள்ளைகளுக்கும் வயசானவர்களுக்கும் மட்டும் சாவி முதலில், பக்கம் அப்புறம்.

ஒரு நாள் கொல்லத்துக்காரர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "சேட்டா, வேகம்! வேகம்!" அண்ணாச்சி அவருக்கென்றே தேர்ந்தெடுத்துக் காட்டிய பக்கம், அசுத்தக் குடிநீரும் வயிற்றுப்போக்கும் பற்றியது. அந்த மனிதர் அளவுக்கு உணர்ந்து அந்தப் பக்கத்தை யாரும் படித்திருக்க முடியாது.

"அண்ணாச்சி, இது கொடுமை இல்லையா?" என்றேன்.

"கொடுமதான். சும்மாவும் கூப்பிட்டுப் பாத்தேன். பதினோரு வருசம் கூப்பிட்டேன். போஸ்ட்மேன் மட்டும் வந்தாரு."

இதற்கு மேல் நடந்த வினைக்கெல்லாம் காரணம் நான். தலைமையகத்துக்கு மாதாந்தர ரிப்போர்ட் அனுப்ப வேண்டும் என்று விதி இருந்தது. அண்ணாச்சி அனுப்பியதே இல்லை. "படிக்கிறவன எண்ணக் கூடாது. கண்ணு பட்டுரும்" என்பார். புதிதாகப் படித்த திமிரில் நான் உட்கார்ந்து எண்ணி அனுப்பினேன். வாசகர்கள் எதைத் தேடி வந்தார்கள் என்ற கட்டத்தில் 'நீரும் சுகாதாரமும்' என்று டைப் அடித்தேன். பொய் ஓர் எழுத்துக்கூட இல்லை.

பதில் வந்தது. வாசகர் இல்லாத கிளைகளை மூடப் போகிறார்களாம். எங்கள் எண்ணிக்கையோ மற்ற எல்லாக் கிளைகளையும் சேர்த்துக் கூட்டினாலும் அதைத் தாண்டுகிறதாம். நேரில் பார்க்க ஓர் அதிகாரி வருகிறார். கணக்கு பொய்யென்றால் நூலகத்தை மூடிவிட்டுப் புத்தகங்களைப் பெட்டி கட்டிச் சென்னைக்கு அனுப்பிவிடுவார்கள்.

அண்ணாச்சி அதை இரண்டு தடவை படித்தார். பிறகு பதினான்கு அலமாரியையும் துடைத்தார். ஏற்கெனவே காலையில் துடைத்தவைதான்.

அதிகாரி வந்த அன்று அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை. போலீஸ் கயிறு கட்டிவிட்டது. ரோட்டில் குரங்குகள் மட்டும் இருந்தன.

"தென்காசிக்குப் போயி நாலு பேரக் கூட்டியாரட்டுமா அண்ணாச்சி?"

"அவுகளுக்கு பாத்ரூம் வருதா?"

"இல்ல..."

"பின்ன எதுக்கு இங்கன வாராக?"

நான் போய் நாற்காலிகளை வரிசையாக இழுத்துப் போட்டேன்.

அதிகாரி ஓர் அம்மையார். முப்பது வருஷமாக வெளிநாட்டில் இருப்பவர், ஆனால் தமிழர். மதுரையிலிருந்து மூன்று மணி நேரம் காரில் வந்திருந்தார். காலி நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வாசகர்கள் எங்கே?"

"அருவில தண்ணி கூடிப்போச்சும்மா."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

நான் பலமாக இருமினேன். அம்மையார் நான் எண்ணி எழுதியிருந்த பதிவேட்டைப் புரட்டினார், டீ குடித்தார், மறுபடி புரட்டினார், இன்னொரு டீ குடித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி அண்ணாச்சியிடம் கேட்டார்: "இங்கே ரெஸ்ட்ரூம் இருக்கா?"

"இருக்கும்மா. எந்த ஊரு?"

அம்மையாருக்குப் பின்னால் நின்று, வேண்டாம் அண்ணாச்சி என்று இரண்டு கையையும் கூப்பினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"மன்னார்குடிப் பக்கம். ஏன்?"

அண்ணாச்சி ஐந்தாவது அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். "ஒரு பக்கம் படிங்கம்மா. சாவி தாரேன்."

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும்மா. ஆபீசரு. இங்கன எல்லாருக்கும் ஒரு பக்கம்தான்."

மனசுக்குள் நான் பெட்டி கட்ட ஆரம்பித்தேன். அம்மையார் புத்தகத்தை வெடுக்கென்று வாங்கினார். நின்றபடியே நாலு வரியில் கண்ணை ஓட்டினார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"இது எங்க வீட்டுக்குப் பின்னால ஓடுற வாய்க்கால்."

"ஆமாம்மா. கடைமடைக்குத் தண்ணி ஏன் வரலைன்னு அடுத்த பக்கத்துல வருது. அது உங்களுக்கு வேண்டாம். இந்தாங்க சாவி."

"இருங்க."

"போயிட்டு வாங்கம்மா."

"இருங்கன்னேன்ல!"

கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டு மூன்று பக்கம் படித்தார். பிறகு ஒரு கையில் சாவியும் இன்னொரு கையில் புத்தகமுமாக வேகமாக நடந்தார். அண்ணாச்சி பதறிப் பின்னாலேயே ஓடினார்: "அம்மா, புஸ்தகம் உள்ள போகக் கூடாது!"

திரும்பி வந்தவர், "இப்படித்தான் இத்தனை பேரா?" என்று கேட்டார். அண்ணாச்சி ஒன்றையும் மறைக்காமல் சொன்னார், போஸ்ட்மேன் உட்பட. அம்மையார் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. குறிப்பு எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பதினைந்து நாள் அண்ணாச்சிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் மெயில் வந்தது. நூலகம் இருக்கும். 'வாசகர்களை ஈர்க்கும் உள்ளூர் வழிமுறை' பாராட்டுக்குரியது. இரண்டாவது பாத்ரூம் கட்டிக்கொள்ளலாம்.

நான் சத்தமாக வாசித்து முடித்தேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் வெகுநேரம் துடைத்தார்.

"உங்களுக்கு இன்னும் எத்தன நாளு?"

"நாளையோட முடியுது அண்ணாச்சி."

"பாத்ரூம் கேக்காம இங்கன உக்காந்து படிச்ச ஆளு, இத்தன வருசத்துல நீங்க ஒருத்தருதான்."

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று மாதமும் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தது அவரைத்தான்.