பசாசு அண்ணை கலைக்காத வேஷம்

குருநகர்க் கரையில் பசாசு அண்ணையைவிடப் பக்தியான கத்தோலிக்கர் ஒருவரும் இருந்ததில்லை. ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. வருஷந்தோறும் கோயில் கூத்தில் பசாசு வேஷம் கட்டியதால் வந்த பெயர் இது. விடியற்பூசைக்கு முதல் ஆளாகப் போய் முழந்தாளிடுவார். "பசாசு வந்திட்டுது, பூசை தொடங்கப்போகுது" என்று பெண்கள் அவசரமாக முக்காடு போடுவார்கள்.

கூத்தில் நான் மிக்கேல் சம்மனசு, பசாசை வெல்லும் வானதூதர். வாளால் குத்தி அவரை நரகத்தில் தள்ளுவது என் வேலை. ஒரு குத்தில் அவர் விழுந்த சரித்திரம் கிடையாது. எழும்பி இன்னொரு பாட்டுப் பாடுவார். "அண்ணை, விழுங்கோவன், கை உளையுது" என்று நான் முணுமுணுத்தால், "பொறு தம்பி, பசாசு அவ்வளவு லேசாய்த் தோற்காது" என்பார்.

அந்த வருஷம் றோசம்மாவின் தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அவள் சாப்பாட்டை விட்டாள், பேச்சை விட்டாள். ஒருநாள் நடுப்பூசையில் உரக்கச் சிரித்தாள். பசாசு பிடித்துவிட்டது என்று ஊர் முடிவுகட்டியது. பங்குச் சுவாமியார், "மேற்றிராணியாரின்ரை உத்தரவில்லாமல் பேயோட்ட ஏலாது. போய்க் கேட்டுக்கொண்டு வாறன். அதுவரை ஒருத்தரும் அவளைத் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு ஆயர் இல்லத்துக்குப் போனார்.

"சுவாமி வருமட்டும் பசாசு பார்த்துக்கொண்டிருக்குமோ?" என்று அவளுடைய சித்தப்பா சவுக்குப் போன்ற திருக்கைமீன் வாலை எடுத்தார். பேயை அடித்து விரட்டுவதாக நினைப்பு. ஒரு வீச்சிலேயே அவளுடைய முதுகில் இரத்தம் வந்தது. மறுபடி கை ஓங்குமுன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பசாசு அண்ணை பாய்ந்து வந்தார். கண்ணை உருட்டி உறுமினார்.

"அவளை விட்டிட்டன். இனி இந்த உடம்புதான் என்ரை வீடு."

கூத்தில் அவர் முதன்முதல் மேடைக்கு வரும் பாய்ச்சல் அது. ஊரே பார்த்துப் பழகியதுதான். அந்த நேரத்தில் அதையெல்லாம் யார் யோசித்தார்கள்? மிச்ச அடி முழுவதும் அவருக்கு விழுந்தது. அண்ணை வேஷம் கட்டுகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. வாய் திறந்தால் அடி திரும்ப அவளுக்குத்தான் என்பதும் விளங்கியது.

மாலையில் சுவாமியார் திரும்பி வந்து அண்ணையை ஓர் அறைக்குள் கூட்டிப்போனார். மெழுகுதிரி பிடிக்க நான். தலையில் கைவைத்து "உன்ரை பேர் என்ன?" என்று அவர் பசாசைக் கேட்டார். அண்ணைதான் பதில் சொன்னார்.

"சுவாமி, எனக்கு ஒண்டுமில்லை. நான் சுகம் எண்டால் உவங்கள் திரும்ப அவளிட்டைப் போவாங்கள்."

சுவாமியார் அவருடைய நெற்றியில் சிலுவை வரைந்தார். பிறகு வெளியே வந்து, "இது செபத்தாலைதான் போகும். கனகாலம் எடுக்கும். றோசம்மாவிலை இனி ஒருத்தரும் கை வைக்கக்கூடாது" என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை.

பேய் பிடித்தவர் கோயிலுக்குள் வரலாமா? அண்ணை வாசலுக்கு வெளியே மணலில் இருந்தார். தீர்த்தம் தெளித்தால் துள்ளினார். சனம் பார்க்கிறதே, துள்ளாமல் முடியுமா? பூசையில் நற்கருணை நன்மை வாங்க முடியாமல் மனிதர் உருகிப்போனார்.

"கஷ்டமாயிருக்கோ அண்ணை?"

"கூத்து எண்டால் விடிய வேஷத்தைக் கழுவலாம், தம்பி."

றோசம்மா மெல்லத் தேறினாள். அவளுக்குக் கலியாணம் முற்றாகியது. மணப்பெண்ணாக வந்தவள் கோயில் வாசலில் நின்றுவிட்டாள். சித்தப்பா தடுத்தும் கேளாமல், மணலில் அண்ணைக்கு முன்னால் முழந்தாளிட்டாள்.

"போதும் அண்ணை, உள்ளுக்கு வாங்கோ. நான் சுகமாயிருக்கிறன். எனக்கு அண்டைக்கே தெரியும்."

அண்ணை எழும்பினார். சனம் விலகி வழிவிட்டது. உள்ளே வந்து என் பக்கத்தில் முழந்தாளிட்டு, சின்னப்பிள்ளை மாதிரி விம்மினார். அவருடைய முதுகைத் தடவினேன். சட்டைக்கு மேலாகவே தழும்புகள் கையில் தட்டுப்பட்டன. பூசை முடியும்வரை நான் கையை எடுக்கவில்லை.