பிழையை எதில் பதிவது என்ற பிரச்சினை

முடிவெடுக்காமல் இருப்பதையே முழுநேர வேலையாகச் செய்யத் தெரிந்தவள் நான். அந்தத் திறமையை ஆபீஸிலும் காட்டினேன்.

ஆபீஸ் என்றால் நான்கு பேர், நான்கு ஊர். நான் காஞ்சிபுரத்தில், சமையலறைக்குப் பக்கத்து அறையில். பள்ளி வேன் எங்கே வருகிறது, பிள்ளை இறங்கியதா என்று பெற்றோருக்குச் சொல்லும் ஆப் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தோம். வெள்ளோட்டம் என் மகள் யாழினியின் வேனில்தான். (அப்போது ஆறாம் வகுப்பு.) கண்டுபிடித்த பிழைகளையெல்லாம் வாட்ஸப்பில் கொட்டி, பிறகு தேடிக்கொண்டிருந்தோம். அவற்றை ஒழுங்காகப் பதிய ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

மூன்று வாரம். ஏழு மென்பொருள்கள். நாற்பது வரியில் ஒப்பீட்டு அட்டவணை. (எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அப்பா இவ்வளவு விசாரிக்கவில்லை.)

இடையில் ஈரோட்டிலிருந்து எங்கள் டெஸ்டர் தினேஷ் போன் செய்தார். "மேடம், ஸ்டாப்ல வேன் ரெண்டு நிமிஷம் நின்னாலே, புள்ளை எறங்கிருச்சுன்னு மெசேஜ் போயிருதுங்க."

"வாட்ஸப்ல போடாதப்பா. டூல் முடிவாகட்டும், அதுலயே முறையா ஏத்திக்கலாம்."

அந்த வெள்ளிக்கிழமை மாலை, ஏழாவது மென்பொருளின் டெமோவில் இருந்தேன். செய்தி வந்தது: 'யாழினி இறங்கிவிட்டாள்.' ஐந்து நிமிடமாகியும் அவள் வீட்டுக்கு வரவில்லை. ஸ்டாப் எங்கள் தெருமுனைதான். ஓடினேன். அங்கே சாமி புறப்பாட்டுக் கூட்டம். வேனும் இல்லை, யாழினியும் இல்லை. டிரைவர் போனை எடுக்கவில்லை. கழுத்தில் ஹெட்போன், ஒரு காலில் என் செருப்பு, இன்னொன்றில் கணவருடையது. முனையில் இருந்த பூக்காரம்மாவிடம், "பச்சை யூனிஃபார்ம், ரெட்டை ஜடை..." என்றேன்.

"எங்கியும் போயிருக்காதும்மா. வா, பாக்கலாம்." வியாபாரத்தை விட்டுவிட்டு அவரும் என்னோடு தேடினார்.

இருபது நிமிடம் கழித்துப் பின்தெரு வழியாக வேன் வந்தது. முன்சீட்டில் யாழினி, சுண்டல் தின்றபடி.

"ஏம்மா அழுதுக்கினு நிக்கிற?"

டிரைவர் எட்டிப் பார்த்தார். "முனையில கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன் மேடம். அந்தக் கூட்டத்துல புள்ளைய எறக்கிவிட மனசு வரல. சுத்திக்கினு வந்தேன்."

"ஒரு போன் பண்ணக்கூடாதாப்பா?"

"எல்லாம் ஆப்புல தெரியும், போனே தேவையில்லன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

வீட்டுக்குப் போய் தினேஷை அழைத்தேன். "அந்த ரெண்டு நிமிஷப் பிரச்சினை..."

"சொல்லுங்க மேடம்," என்றார் உற்சாகமாக. "எதுல ஏத்தறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

பிழையைச் சரிசெய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியாதது அதுதான். இப்போது நால்வரும் பொதுவான ஒரு சாதாரண ஷீட்டில் பிழைகளை எழுதுகிறோம். அதன் முதல் வரியை எழுதியது நான்.

யாழினி இப்போது ஒன்பதாம் வகுப்பு. இன்றும் வேனிலிருந்து இறங்கியதும், "அம்மா, நெஜமாவே எறங்கிட்டேன்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள். பூக்காரம்மாவில் தொடங்கி எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவள் வீட்டுக்குள் வந்த பிறகு.