நாற்பத்தொன்றாம் பக்கத்து வாத்து

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும், தங்கள் அலுவலகத்தாரும், நான் வந்திருந்தபோது மின்விசிறி ஓடாத அறையில் அட்டையால் விசிறிக்கொண்டே பிழை திருத்திய பெரியவரும் நலம் என்று நம்புகிறேன். இங்கே நானும் மனைவியும் நலம். என் வலது முழங்கால் மட்டும் நலமில்லை. இந்தக் கடிதம் எழுத நேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை என் நாவல், கவிதைத் தொகுப்பு, சிறுவர் கதை மூன்றும் தங்கள் கைக்கு வந்திருக்கும். வெள்ளிக்கிழமை தேர்வுக் குழு கூடும், மூன்றில் ஒன்று தேறினாலும் புத்தகமாகும், ஒன்றும் தேறாவிட்டால் இனி அனுப்பி அலைய வேண்டாம் என்று தாங்கள் பக்குவமாகச் சொன்னீர்கள். பள்ளி ஆசிரியனாக முப்பத்து நாலு வருஷம் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தினவன் நான். ஒரே ஒரு புத்தகத்தின் முதுகில் என் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்று எழுபத்தொரு வயதில் ஆசைப்படுகிறேன். ஆகவே கைகூப்பிக் கேட்கிறேன்: நாவலின் நாற்பத்தொன்றாம் பக்கத்தைக் குழுவில் யாரும் திறக்கும் முன் இந்தக் கடிதத்தைப் படித்துவிடுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் பாடவேளை இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. முதல் வேளை நாவல், இரண்டாவது சிறுவர் கதை, மூன்றாவது கவிதை. என் மனைவி உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவள், விசிலை இன்னும் கழுத்திலிருந்து கழற்றவில்லை. அவள் ஊதினால் பேனாவை வைத்துவிட வேண்டும், பாதி வார்த்தையில் இருந்தாலும் சரி. ஆரம்பத்தில் மூன்று நோட்டும் மூன்று ஸ்டூல்களில் இருந்தன, நான்தான் மாறி மாறி உட்காருவேன். முழங்கால் வீங்கியதும் அவள் திட்டத்தை மாற்றினாள். "சார், நீங்க அசையாதீங்க. நோட்டு சுத்தட்டும்" என்றாள். அன்றிலிருந்து விசில் கேட்டதும் நான் பக்கத்தைத் திருப்பி வைத்து, கண்ணை மூடி, பத்து முறை மூச்சை இழுத்து விட்டு, அடுத்த பாடத்தை மனத்தில் கொண்டுவருவேன். அதற்குள் அவள் ஓசைப்படாமல் வந்து நோட்டை மாற்றி, வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விடுவாள். முன்னால் எழுதியதைப் புரட்டிப் பார்க்கவும் தடை. ஓடுகிறவர் திரும்பிப் பார்த்தால் இடறி விழுவாராம். இப்படி நாலு மாதம் வண்டி அருமையாக ஓடியது.

இந்த நேரம் பார்த்துக் கீழ் வீட்டு அம்மா ஒரு புதுக் குக்கர் வாங்கினார்கள். அம்மையாரே, அதன் விசிலும் என் மனைவியின் விசிலும் ஒரே சுருதி, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. மனைவி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருப்பாள், கீழே குக்கர் ஊதும், நான் ஒழுங்காகப் பேனாவை வைத்து, பக்கத்தைத் திருப்பி, கண்ணை மூடி, மூச்சு விட்டு, கண்ணைத் திறந்து, எதிரே இருக்கும் அதே நோட்டில் அடுத்த பாடத்தை எழுத ஆரம்பித்துவிடுவேன். மூன்று நோட்டுக்கும் ஒரே காக்கி அட்டை போட்டவனும் நானேதான், யாரைக் குறை சொல்ல?

எடுத்துக்காட்டுகள் தருகிறேன். நாவலில் துணிக்கடை முதலாளி தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இறந்து கிடக்கிறார். இன்ஸ்பெக்டர் குனிந்து தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார். அத்தோடு நாற்பதாம் பக்கம் முடிகிறது. நாற்பத்தொன்றில், "எனக்குத் தண்ணின்னாலே பயம்" என்றது வாத்து. அது என் சிறுவர் கதை வாத்து, நீந்தத் தெரியாத வாத்து. இரண்டு பக்கத்துக்குத் தன் பயத்தையெல்லாம் விவரமாகச் சொல்லி அழுகிறது. பிறகு நாவல் திரும்பவும் தொடங்கும் இடத்தில் நான் என்ன எழுதியிருக்கிறேன் தெரியுமா? 'இன்ஸ்பெக்டர் அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டார்.' கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். 'உன் ஜன்னல், என் ஜன்னல், நடுவில் ஒரு தெரு' என்று நல்லபடியாகத்தான் போகிறது. அடுத்த வரி, 'வேலைக்காரர்கள் மூவரும் அன்று விடுப்பில் இருந்தனர்.'

நோட்டுகளைக் கணினியில் தட்டச்சு அடித்துக் கொடுத்த பெண்ணைக் குறை சொல்ல முடியாது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றக் கூடாது என்று நோட்டைக் கொடுக்கும்போதே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பாவம், அந்தப் பெண் நடுவில் போன் பண்ணி, "சார், இங்க வாத்து வரணுமா?" என்று கேட்டாள். எந்த நோட்டு என்று நான் கேட்கவில்லை. வாத்துக் கதையில வாத்து வராம வேற யாரும்மா வருவாங்க, எழுதினபடி அடி என்று சொல்லிவிட்டேன். அடித்து வந்ததை நானாவது ஒருமுறை படித்திருக்கலாம். சிவப்புப் பேனாவை ஓய்வு பெற்ற அன்றே தூக்கிப் போட்டவன், சந்தோஷத்தில் அப்படியே கட்டி அனுப்பிவிட்டேன்.

குட்டு வெளிப்பட்டது நேற்றுத்தான். ஏழு வயதுப் பேத்தி வந்திருந்தாள், என்னிடம் இருந்த சிறுவர் கதைப் பிரதியை எடுத்து உரக்கப் படித்துக் காட்டினேன். வாத்துக்கு நீச்சல் பழக்க அணில் குளத்துக்குக் கூட்டிப்போகிறது. பக்கத்தைத் திருப்பினேன். 'உடல் நன்றாக வீங்கியிருந்தது. இறந்து ஒரு நாளாவது ஆகியிருக்கும் என்றார் டாக்டர்.' பேத்தி பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். "தாத்தா, அணில்தானே தள்ளி விட்டுச்சு?" என்றாள். இல்லடா கண்ணு, தாத்தா தப்பா எழுதிட்டேன் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, அணிலைப் பிடித்தார்களா இல்லையா என்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் ஒரே நச்சரிப்பு. என் மனைவி மூன்று நோட்டையும் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே கீழே குக்கர் ஊதியது, நான் பழக்கத்தில் கண்ணை மூடினேன்; அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இருபத்தெட்டு வருஷம் விசில் ஊதியிருக்கேன். ஒரு புள்ளகூடக் குக்கருக்கு ஓடினதில்ல சார்" என்றாள். சிரித்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தவள், சட்டென்று கடிதத்தாளை எடுத்து வந்து முன்னால் வைத்தாள்.

ஆகவே அம்மையாரே, அந்த வாத்து என் திறமையின்மையால் வந்ததல்ல, தற்செயலாக வந்தது. அதை வெளியேற்றிவிட்டு நாவலைப் படிக்கும்படி குழுவினரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அல்லது பத்தே நாள் அவகாசம் கொடுங்கள், ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் சேர்த்து அனுப்பிவிடுகிறேன். விடைத்தாளில் பக்கம் மாறிப்போய்விட்டது என்று ஓடி வந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் கருணை காட்டியிருக்கிறேன். அந்தக் கணக்கில் எனக்கு ஒரு முறை காட்டுங்கள்.

தங்கள் கண்ணுக்கும் பொறுமைக்கும் நீண்ட ஆயுளை வேண்டும்,

ஓய்வு பெற்ற ஆசிரியன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் தங்கள் போன் வந்தது. குழு இன்றே கூடிவிட்டது, கவிதையும் சிறுவர் கதையும் தேறவில்லை, நாவல் மட்டும் ஒருமனதாகத் தேறியது என்றீர்கள். தண்ணீரைக் கண்டு நடுங்கும் அந்த வாத்துதான் கொலைக்கு ஒரே சாட்சி என்பதைக் கண்டுபிடிக்கக் குழுவுக்கு ஒரு மணி நேரம் ஆனதாம். "எப்படி சார் தோணிச்சு?" என்று கேட்டீர்கள். பல வருஷமா மனசுல ஊறிக் கிடந்ததும்மா என்று நான் சொன்னது தங்களுக்கு நினைவிருக்கும். எழுதிய தாளைக் கிழிக்க ஆசிரியனுக்குக் கை வராது. எனவே மேலே உள்ள அனைத்தையும் என் நான்காவது படைப்பாகக் கருதிப் பரிசீலிக்கவும். முழுக்க முழுக்கக் கற்பனை. நேற்றைய கூத்தைக் கேள்விப்பட்டு, கீழ் வீட்டு அம்மா குக்கரைச் சத்தமில்லாததாக மாற்றிக்கொள்ளக் கடைக்குக் கிளம்பிவிட்டார்களாம். தடுத்து நிறுத்த என் மனைவி விசில் ஊதிக்கொண்டே படியிறங்கி ஓடுகிறாள்.