நாய்க்குக் கிடைத்த குடும்ப விசா

உலகத்தில் கருணை என்று ஒன்று எங்கேயாவது மிச்சமிருக்கிறதென்றால், அது எங்கள் குடிவரவு அலுவலகத்தின் இரண்டாவது மாடியில்தான் இருக்கிறது. அங்கே முதலீட்டாளர் பிரிவு. கீழ்த்தளத்தில் தொழிலாளர் பிரிவு. அங்கே இருப்பது சட்டம். இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பதற்காக நடுவில் ஒரு மாடியைக் காலியாகவே வைத்திருக்கிறோம்.

நான் இரண்டு தளங்களுக்கும் பொதுவான அதிகாரி. லிஃப்டில் போகும்போதே முகத்தை மாற்றிக்கொள்ளப் பழகியவன்.

ஒருநாள் மேலே ஒரு முதலீட்டாளர் வந்தார். மனைவி, மக்கள், மாமனார், மாமியார் எல்லோருக்கும் விசா ஆகிவிட்டது. நாய் மட்டும் ஊரில் நின்றுவிட்டது.

"சரியா சாப்பிடறதே இல்லையாம் சார். வாசலையே பாத்துக்கிட்டுப் படுத்திருக்காம்," என்றார்.

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குடும்பத்தைப் பிரிக்கறதுக்கா நாம இங்க உக்காந்திருக்கோம்?" என்று என்னைக் கேட்டார்.

உடனே அவசரக் கூட்டம். நாய் 'உடைமையா', 'சார்ந்திருப்பவரா'? பிஸ்கட் தீரும்வரை அலசினோம்.

"யார் கையால சாப்பிடுதோ, அவங்களைச் சார்ந்ததுதானே சார்?" என்றேன். மேலதிகாரி என் முதுகில் தட்டினார். அந்தச் சூட்டோடு விதியும் பிறந்தது: முதலீட்டாளரின் நாய், குடும்பமே. தனிமையில் அது வாடினால், துணைக்கு இன்னோர் உயிரையும் வரவழைக்கலாம்.

நாய் விமானத்தில் வந்து இறங்கியது. அதைப் பதிவுக்கு அழைத்துவந்தவர் முதலீட்டாளர் வீட்டுச் சமையல்காரம்மா. அவரை எனக்கு நன்றாகத் தெரியும். மகளுக்கு விசா கேட்டுக் கீழ்த்தளத்துக்கு நடையாய் நடப்பவர். ஒவ்வொரு தடவையும் நானே மறுத்திருக்கிறேன். தொழிலாளர் பிரிவில் வருகிறவர்களுக்கு வேலை உண்டு, குடும்பம் கிடையாது.

நாயோடு வந்ததால் அன்று சோபாவில் உட்கார வைத்தோம். நாய்க்குத் தண்ணீர் கொடுத்தோம்.

"சார், நாய்க்குத் துணையா இன்னொரு உயிரைக் கொண்டு வரலாம்னு ஐயா சொன்னாரு," என்று ஆரம்பித்தார்.

"தாராளமா. பூனை, முயல், எதுவானாலும் சரி," என்றேன்.

"என் பொண்ணைக் கொண்டு வரலாமா சார்? நாயோட நல்லா விளையாடுவா. தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு." நாயின் தலையைத் தடவிக்கொடுத்தார். "இத்தனை நாளா என் தங்கச்சிதான் வச்சிருந்தா. அவளுக்கு அடுத்த மாசம் கல்யாணம். அதுக்கப்புறம் குழந்தையைப் பாத்துக்க ஆளே இல்ல சார்."

மேலதிகாரி என்னைப் பார்த்தார். நான் நாயைப் பார்த்தேன். நாய் வாலை ஆட்டியது. அதற்கு ஆட்சேபம் எதுவும் இல்லை.

எடுத்தோம் கவிழ்த்தோம் என்று எதையும் நிராகரிப்பது எங்கள் வழக்கமில்லை. மறுபடி கூட்டம், மறுபடி பிஸ்கட். விதியை வரிவரியாகப் படித்தோம். பூனைக்குத் தடையில்லை. கிளிக்குத் தடையில்லை. ஆமைக்குக்கூட ஒரு வழி இருந்தது.

"இந்தக் குழந்தைக்குக் கொடுத்தா, நாளைக்குக் கீழ்த்தளமே மேல ஏறி வந்துடும்," என்றார் மேலதிகாரி. அதோடு கூட்டம் முடிந்தது.

மறுப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டபோது எனக்கே மனசு கேட்கவில்லை. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அப்படியே அனுப்பிவிட முடியுமா? இரண்டாவது மாடிக்கே உரிய கனிவோடு சொன்னேன்:

"உங்க பொண்ணு மேல ஒரு குறையும் இல்லம்மா. மனுஷியாப் பொறந்துட்டா, அவ்வளவுதான்."