மூளைக்குப் பச்சை விளக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் மூக்கண்டப்பள்ளிக் கல்யாண மண்டபத்தில் செருப்பு விட இடமில்லை. கல்யாணம் ஒன்றும் இல்லை. மறதி நோய் வந்த அப்பாக்களையும் மாமியார்களையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சூளகிரியிலிருந்தும், குருபரப்பள்ளியிலிருந்தும், எல்லை தாண்டி அத்திப்பள்ளியிலிருந்தும் சனம் வந்து குவிந்திருந்தது. மேடையில் 'நியூரோ குரு' விமல்ராஜ். போன வருடம் வரை இதே தெருக்களில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றவர். இந்த வருடம் மூளையைச் சுத்திகரிக்கிறார். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வெளுத்து வாங்குவார். ஏமாற்றுவதில் மொழி வித்தியாசம் பார்க்காத பெரிய மனசு.

"பிளாஸ்டிசிட்டி. எல்லாரும் சொல்லுங்க," என்றார் மைக்கில், நீல விளக்கு வைத்த தொப்பி ஒன்றைத் தூக்கிக் காட்டி.

"பிளாஸ்டிசிட்டி," என்றது மண்டபம், கோவிந்தா போடும் அதே ராகத்தில்.

"நம்ம மூளை களிமண்ணு மாதிரி. எப்படி வேணாலும் வனையலாம். செத்த நரம்ப என் தொப்பி திரும்ப முளைக்க வெக்கும். இது சாமி இல்ல, சயின்ஸ்."

சாமி என்றால் கேள்வி கேட்க இப்போது நாலு பேராவது இருக்கிறார்கள். சயின்ஸ் என்றால் ஒருத்தரும் கேட்பதில்லை. விமல்ராஜுக்கு இது தெரியும்.

மூன்றாவது வரிசையில் சுவேதா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்தவள். கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. பக்கத்தில் அவள் அப்பா திம்மப்பன். முப்பது வருடம் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக நின்றவர். இப்போது வீட்டு வாசலில் நின்றுகொண்டு, கட்டின பெண்டாட்டி சாந்தம்மாவையே, "கேட் பாஸ் காட்டும்மா" என்று மறிக்கிறார்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். "மூளை பழகப் பழகக் கொஞ்சம் மாறும், அது நெசம். அதனால நடக்க வைங்க, பேச்சுக் குடுங்க. பரீட்சை மட்டும் வெக்காதீங்க. மாத்திரை கொஞ்ச நாளு தாங்கிப் பிடிக்கும். முழுசாக் குணமாக்க இன்னைக்கு யார்கிட்டயும் வழி இல்லம்மா."

உண்மையைச் சொன்ன டாக்டர் வாசலில் ஏது கூட்டம்? அந்த உண்மையில் ஒரு சிட்டிகை கிள்ளி, பொய்யில் தூவி விற்ற விமல்ராஜிடம்தான் கூட்டம். மாத்திரை நரம்பைத் தூங்கவைக்கும் என்றார் அவர். நிறுத்தி ஐந்து வாரம். திம்மப்பனுக்குத் தூக்கம் போனது, சோறு போனது. குரு எழுதிக்கொடுத்த பத்துக் கேள்விகளைச் சாந்தம்மா தினம் கேட்பாள். "நான் யாரு, சொல்லு." வாய்ப்பாடு தெரியாத பிள்ளை மாதிரி அவர் அழுவார். ஏன் குணமாகவில்லை என்று கேட்டால், குடும்பத்துக்கு நம்பிக்கை பத்தவில்லையாம். அதனால் மூன்று மாதம் அவரைக் குருவின் முகாமிலேயே விட்டுவிட வேண்டுமாம். அதற்கான சம்மதப் பாரத்தில்தான் சாந்தம்மா இன்று கையெழுத்துப் போடப் போகிறாள்.

"அம்மா, அப்பாவ அங்க உட வேணாம்."

"ஒரு தரம் எம் பேரச் சொல்லிட்டாப் போதும் கண்ணு. நீ படிச்சிருக்கிற, பேசுற. எனக்கு வேற என்னா இருக்குது?"

மாமியாரைக் கூட்டி வந்திருந்த பக்கத்து வீட்டு வெள்ளையம்மா திரும்பினாள். "தொப்பி மெஷினே சொல்லுது, இந்தப் புள்ள ஒத்துக்க மாட்டேங்குது பாரு. எங்க அத்தைக்குப் போன வாரம் நூத்துக்கு அம்பத்தஞ்சு."

"வீட்டுல எப்படிக்கா இருக்காங்க?"

"வீட்டுல அப்படியேதான். டிவியப் பாத்து, சோறு தின்னியான்னு கேக்குறாங்க. மெஷின்லதான் முன்னேத்தம்."

சுவேதாவின் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் தொடங்கியதும், கெட்டுப்போனது என்று தெரிந்தே எடுத்துவைத்த ஒரு பீஸைப் பரிசோதனை மெஷினில் முதலில் போடுவார்கள். அதையும் நல்லது என்று மெஷின் சொன்னால், கோளாறு மெஷினில். அன்றைக்கு அதில் எதையும் சோதிக்க மாட்டார்கள். ஒரு போல்ட்டுக்கே இந்த மரியாதை. அப்பாவின் மூளைக்கு இல்லையா?

மேடை ஓரத்தில் துணித் திரை கட்டியிருந்தது. அதற்குள் உறவுக்காரர்தான் தொப்பியை மாட்ட வேண்டும், உறவின் கை பட்டால்தான் நரம்பு மதிக்கும் என்பது குருவின் விதி. ஆள் வைத்தால் சம்பளம் தர வேண்டும் என்பது விதியின் காரணம். மூளையின் படமும் மார்க்கும் மட்டும் வெளியே பெரிய திரையில் தெரியும்.

"அடுத்து, திம்மப்பன்."

சுவேதா அப்பாவை உள்ளே கூட்டிப்போனாள். அவரை ஓரமாக ஸ்டூலில் உட்காரவைத்தாள். பையைத் திறந்து, காலையில் சந்தையில் தலை அளவு பார்த்துப் பொறுக்கி வாங்கிய முட்டைக்கோஸை நாற்காலியில் வைத்தாள். தொப்பியை மாட்டினாள். பொத்தானை அழுத்தினாள்.

வெளியே விமல்ராஜின் குரல் குழைந்தது. "பாருங்க, முப்பத்தெட்டு. செவப்பெல்லாம் செத்த எடம். இப்ப மக பக்கத்துல நிக்குறா, பாசம் பாயுது. நாப்பத்தஞ்சு. அம்பது. பச்சை ஆவுது பாருங்க. அம்பத்தெட்டு. கல்யாண நாளு ஞாபகம் வந்துடுச்சு அவருக்கு."

சாந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சுவேதா துணித் திரையை விலக்கினாள்.

நீல விளக்கு மினுமினுக்கும் தொப்பியோடு முட்டைக்கோஸ் மண்டபத்தைப் பார்த்தது. பக்கத்தில் வெறுந்தலையோடு திம்மப்பன், கோஸை யாரோ விசிட்டர் என்று நினைத்து மரியாதையாக உட்கார்ந்திருந்தார்.

"கல்யாண நாளு ஞாபகம் வந்தது இதுக்குத்தான் சார்," என்றாள்.

விமல்ராஜ் மைக்கை வாய்க்கு இன்னும் பக்கத்தில் பிடித்தார். "கோஸுக்கும் உயிர் இருக்குதும்மா. உயிர் இருந்தா பிளாஸ்டிசிட்டி இருக்கும். மெஷின் அவ்ளோ பவர்."

நம்ப மாட்டீர்கள், நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

வெள்ளையம்மா எழுந்தாள். விறுவிறுவென்று மேடையேறித் தொப்பியைப் பிடுங்கி, காலி பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். முப்பத்தெட்டு. நாற்பத்தைந்து. ஐம்பது. ஐம்பத்தெட்டு. படம் பச்சையானது.

"சேருக்கும் உயிர் இருக்குதா சார்? எங்க அத்தைய உட மூணு மார்க்கு கூட வாங்கியிருக்குதே."

மண்டபம் சிரித்த சிரிப்பில் மைக் கீச்சிட்டது. மெஷினைச் சர்வீஸுக்கு விட வேண்டும் என்று முனகிக்கொண்டே குரு சமையற்கட்டு வழியாக வெளியேறினார். தொப்பியைக்கூட எடுத்துப்போக மறந்துவிட்டார்.

சாந்தம்மா பாரத்தை நாலாகக் கிழித்தாள். மேடைக்கு வந்து புருஷன் கையைப் பிடித்தாள். அவர் அவள் பெயரைச் சொல்லவில்லை. கையை விடவும் இல்லை.

"டாக்டர் எழுதின சீட்டு எங்க கண்ணு இருக்குது?"

"என் பையிலதாம்மா இருக்குது."

மூன்று பேரும் வாசலுக்கு வரும்போது செருப்புக் குவியலருகே பேச்சு கேட்டது. பெங்களூரில் இதைவிடப் பெரிய தொப்பி வந்திருக்கிறதாம், அடுத்த வாரம் வேன் பிடிக்கலாமாம். போன் நம்பர் கைமாறிக்கொண்டிருந்தது.

திம்மப்பனால் யோசிக்க முடியவில்லை. அது நோய். வேனுக்குப் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு என்ன நோய் என்று எந்த டாக்டரிடம் கேட்பது?