பட்டினி கிடந்த முட்டி

"கடக்!"

சத்தம் முதலில் வந்தது. பின்னாலேயே ராதோய், போரில் அடிபட்ட தளபதி மாதிரி சுவரைப் பிடித்தபடி அடுக்களைக்குள் வந்தார்.

"கேட்டியா மின்கா? முட்டியில குருத்தெலும்பு தேஞ்சே போச்சு."

"ஓ," என்றாள் மனைவி.

அந்த 'ஓ'வில்தான் ராதோயின் குளிர்காலமே தொங்கியது. நிலவறைப் பீப்பாயில் ஐம்பது கிலோ முட்டைக்கோஸ் உப்புத் தண்ணீரில் ஊறுகிறது. தினமும் பீப்பாயின் அடியிலுள்ள குழாயைத் திறந்து அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்துத் திரும்ப மேலே ஊற்றாவிட்டால் அழுகிவிடும். வீடோ நாலாம் மாடி. ப்ளெவென் நகரத்தில் லிஃப்ட் இல்லாத கட்டடம் தேடி இவருக்கென்றே வாய்த்தது. எழுபத்திரண்டு படி. மூன்று வாரம்.

கால்சட்டைப் பையில் இரண்டு வால்நட். சேர்த்து ஒரு நெரி நெரித்தால் முட்டி முறிகிற சத்தம். இதைக் கண்டுபிடித்த அன்று தன் மூளையை நினைத்துத் தானே புல்லரித்துப் போனார்.

"நீ உக்காருய்யா. நான் பாத்துக்கறேன்."

இவ்வளவு சுலபமா! நாலு நாள் காலுக்குத் தலையணை. ஐந்தாம் நாள் முதல் மாடி டாக்டர் பெனெவா வந்து முட்டியை மடக்கினார், நீட்டினார்.

"ஓய்வுதானே மருந்து, டாக்டர்?"

"யார் சொன்னா? குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது. அது பஞ்சு மாதிரி. மிதிச்சாப் பிழியும், விட்டா உறிஞ்சும். அப்படித்தான் அதுக்குச் சாப்பாடு. உக்காந்தே இருந்தா பட்டினி."

"பட்டினியா!" மின்கா நெஞ்சில் கை வைத்தாள். "பாவி நான், நாலு நாளா அதுக்குச் சோறு போடலியே! படி ஏறி இறங்கலாமா டாக்டர்?"

"இந்த முட்டிக்குத் தாராளமா. தினமும்."

ராதோய் பைக்குள் கைவிட்டார். கடக்!

டாக்டர் தன் கையில் அசையாமல் கிடந்த முட்டியைப் பார்த்தார். பிறகு கால்சட்டைப் பையைப் பார்த்தார்.

"ரொம்பப் பசி போல. மூணு வேளையாக் குடுங்க."

போகும்போது டாக்டர் கையில் மின்கா கொடுத்த ஒரு ஜாடி மிளகாய்த் தொக்கு இருந்தது.

மறுநாள் இரண்டாம் வேளை முடித்து, மூச்சு வாங்க மேலே வந்தார் ராதோய். தட்டில் நகத்தளவு ஒரே ஒரு துண்டு பக்லவா, கொட்டைப்பருப்பு வைத்த இனிப்பு.

"இவ்வளவுதானா?"

"கால்சட்டையைத் துவைக்கப் போட்டேன்," என்றாள் மின்கா. "உன் முட்டியில இருந்ததே ரெண்டு வால்நட்டுதானேய்யா."

ராதோய் அதை மென்று விழுங்கினார். வாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். முட்டி மூச்சே விடவில்லை.