அத்திம்பேரின் வலது தோள் சம்பந்தமாக

ஸ்ரீ

ஸ்ரீரங்கம்,
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை

துவாக்குடியில் மகள் வீட்டில் கோபித்துக்கொண்டு எழுந்தருளியிருக்கும் மகா கனம் பொருந்திய மாதவன் அத்திம்பேர் அவர்களுக்கு, மைத்துனன் ரெங்கராஜன் தெண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் க்ஷேமம், என் வலது தோள் நீங்கலாக. அங்கே தாங்களும், அக்காவும், பேரக் குழந்தைகளும், முக்கியமாகத் தங்கள் வலது தோளும் க்ஷேமமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் தோளுக்கு க்ஷேமத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று டாக்டரே மெஷினில் பார்த்துச் சொல்லிவிட்டபடியால் அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

எழுத்து கோழி கிளறினாற்போல் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். வலது கை கழுத்தில் கட்டிய தூளியில் தொங்குகிறது. இதை இடது கையால் எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகிறது. போன் செய்தால் தாங்கள் எடுப்பதில்லை. வாட்ஸப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில்தான் விழுவதில்லை. ஆகவே தபால். தபால்காரர் கையில் கொடுத்தால் வாங்காமல் இருக்க முடியாதல்லவா?

விஷயம் இதுதான். நம் தெருச் சின்னப் பெருமாளின் ஆவணிப் புறப்பாடு நெருங்கிவிட்டது. தூக்குவதற்கு நாலு பேர் சேரவில்லையென்றால் இந்த வருஷம் முதல் பெருமாளை ரப்பர் டயர் வண்டியில் ஏற்றிவிடுவதாகக் கோயில் காரியஸ்தர் சொல்லிவிட்டார். வண்டியும் வந்து மடப்பள்ளி வாசலில் நிற்கிறது. சாயங்கால இட்லிக் கடை வண்டிக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம், இதில் அடுப்பு இல்லை. என் அப்பா தூக்கிய தண்டு அத்திம்பேர் அது! இடப்பக்கத் தண்டில் முன்னால் நான், எனக்குப் பின்னால் எதிராஜன். வலப்பக்கத் தண்டில் முன்னால் தபாலாபீஸ் மாமா, அவருக்குப் பின்னால், எனக்குக் குறுக்கே, தாங்கள். இருபது வருஷம் இப்படித்தான் நடந்தோம். அதாவது, நடந்தோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தூக்கியது மூன்று பேர், கூட நடந்தது ஒருவர் என்று இப்போதுதான் தெரிகிறது.

பங்குனியில் நடந்தது தங்களுக்கே தெரியும். சிங்க நடையில் மூலை திரும்பும்போது, மூலை வீட்டுக்காரர் தானே சிமெண்ட் குழைத்துப் போட்டுக்கொண்ட வேகத்தடையில் என் கால் ஏறிற்று. பெருமாள் என்னவோ ஒன்றரை அடிதான், அவரால் ஒரு கஷ்டமும் இல்லை. மேலே சாமரம் வீச உட்கார்ந்திருக்கும் பட்டர்தான் வருஷத்துக்கு வருஷம் வளர்கிறார். அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தாரோ இல்லையோ, என் வலது தோளுக்குள் பழைய வேட்டி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். தோளுக்கினியான் என்று அந்தப் பல்லக்குக்குப் பெயர் வைத்த மகான் அதை ஒரு நாளும் தூக்கியிருக்க மாட்டார். அதற்கப்புறம் கை மேலே போகவில்லை. நாமம் இட்டுக்கொள்ளப் போனால் மூக்கைத் தாண்டி ஏறவில்லை. பாதி நாமத்தோடு வெளியே போய், நான் வடகலையா தென்கலையா என்று தெருவில் ஒரு விவாதமே நடந்தது. ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பது வருஷம் ஒரு மூட்டையைக் கூடத் தொடாமல் ஓய்வு பெற்றவனுக்கு இந்தக் கதி. ஆனி வரைக்கும் தைலம் தேய்த்தேன். தைலம் தீர்ந்தது, வலி தீரவில்லை. கடைசியில் என் ஆத்துக்காரி தில்லைநகரில் விளையாட்டு வீரர்களுக்கு அடிபட்டால் பார்க்கும் ஒரு டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனாள்.

ஸ்கேன் என்றால் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு போக வேண்டும் என்று எதிராஜன் சொல்லியிருந்தார். அவர் மகளுக்கு அப்படித்தான் சொன்னார்களாம். நம்பி ஒரு கூஜா குடித்துவிட்டுப் போனேன். ஸ்கேன் ஹாலில் சுற்றிலும் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள். நடுவில் நான் ஒருவன், அவர்களைவிட அவஸ்தையோடு. சுவரில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம் என்று பெரிய பலகை. நர்ஸ் லூர்துராணி என்னைப் பார்த்து, "தோளுக்குத் தண்ணி எதுக்குங்க ஐயா? மொதல்ல அந்தக் கோடிக்குப் போயிட்டு வாங்க" என்றாள். போய்விட்டு வந்தபின்தான் எனக்கு உலகம் தெரிந்தது.

டாக்டர் கனிஷ்கா சின்னப் பெண். தங்கள் மகள் வேதாவைவிட இளையவளாக இருக்கும். "என்ன கேம் ஆடுவீங்க சார்?" என்றாள். "பெருமாளைத் தோள்ல ஏளப்பண்றதுண்டு" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பளு தூக்குதல் என்று எழுதிக்கொண்டாள். தோளில் ஜில்லென்று ஒரு கூழைத் தடவி, ஒரு கட்டையை வைத்து நகர்த்தினாள். திரையில் ஒரே சாம்பல் நிறம். எனக்குக் காவிரியில் பனி இறங்கியதுபோல் தெரிந்தது, அவளுக்கு அதில் நரம்பும் தசைநாணும் தெரிந்தன. பாதி கிழிந்திருக்கிறதாம். "அசைவுல பாத்தா இன்னும் கிளியரா தெரியும் சார். வலி எப்படிச் செய்யும்போது வருதோ, அப்படியே செஞ்சு காட்டுங்க" என்றாள். "அதுக்கு நாலு பேரும் ஒரு பெருமாளும் வேணுமேம்மா" என்றேன். "நாலு பேரைக் கூட்டிட்டு வாங்க. மத்ததைப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் நான், எதிராஜன், தாங்கள் மூவரும் போனோம். தபாலாபீஸ் மாமா லால்குடியில் சீமந்தம் என்று கழன்றுகொண்டார். அவர் இடத்தில் ஆம்புலன்ஸ் டிரைவர் ஜமீல் நின்றது ஞாபகம் இருக்கிறதா? பல்லக்குக்குப் பதில் ஸ்ட்ரெச்சர். பெருமாள் ஸ்தானத்துக்கு ஆள் தேடியபோது, உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் நிஜாமுதீன் தானே வந்து படுத்துக்கொண்டார். "நான் வெறும் வெயிட்டுதான் சார். சாமி கீமின்னு யாரும் சொல்லிடாதீங்க, வீட்ல அடி விழும்" என்றார். பெரிய கோயிலில் துலுக்க நாச்சியாருக்காக ரொட்டி அமுது செய்கிற பெருமாள் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நான் சமாதானம் சொன்னேன். அப்புறம் தூக்கினோம் பாருங்கள்! அந்த ஹாலில் சிங்க நடை போட்டபோது டாக்டர் கட்டையை என் தோளில் அழுத்திக்கொண்டு கூடவே ஓடிவர, லூர்துராணி மெஷினைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடிவர, பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லோரும் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி தீர்த்தம் கேட்டாள். நிஜாமுதீன் மட்டும், "அண்ணே மெதுவா, அண்ணே மெதுவா" என்று ஜபித்துக்கொண்டே வந்தார்.

அதற்குப் பின்புதான் இடி விழுந்தது. ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று டாக்டர் எதிராஜனையும் தங்களையும் வரிசையாக உட்கார வைத்து, என்னைப் போலவே வலது தோளில் மெஷினை வைத்தாள். தாங்கள் வெளியே போனபின் என்னிடம் சொன்னாள்: "எதிராஜன் சாருக்கும் உங்களுக்கும் தசைநாண் காய்ச்சுத் தடிச்சுப் போயிருக்கு. அந்தச் சாருக்கு மட்டும் ஒண்ணுமே இல்ல. வெயிட்டே தூக்காத தோள் மாதிரி இருக்கு. சின்னப் பையன் தோள் சார் அது."

அத்திம்பேர், எனக்கு வயிறு எரிந்தது. இருபது வருஷம்! எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எங்களுக்கெல்லாம் தோளில் ஒற்றைத் துண்டு, தங்களுக்கு மட்டும் மெத்தை மாதிரி நாலு மடிப்பு. புறப்பாடு முடிந்து நாங்கள் மண்டபத்தில் உட்கார்ந்து வேர்வை ஆற்றும்போது தாங்கள் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் ஆத்துக்கு நழுவிவிடுவீர்கள். ஆனால் பிரசாதத் தயிர்சாதம், அந்த ததியோன்னத் தொன்னை மட்டும் இரண்டு வாங்கிக்கொண்டு போவீர்கள். தங்கள் பங்கையும் சேர்த்துத்தான் நான் தூக்கியிருக்கிறேன். அதனால்தான் என் தோள் கிழிந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, பால்காரர், பட்டர், மடப்பள்ளி சுவாமி, தெரு வாட்ஸப் குழு ஆகியோரைத் தவிர. தெருவில் தங்களுக்கு வெண்ணெய்த் தோளர் என்று திருநாமம் வழங்குவதற்கும், அதற்காகத் தாங்கள் கோபித்துக்கொண்டு போனதற்கும் நான் பொறுப்பல்ல. அந்தப் பெயரை வைத்தவர் பட்டர், நான் சிரித்தேன், அவ்வளவுதான்.

என் வைத்தியத்தைக் கேளுங்கள். போன வாரம் என் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, ஒரு டப்பாவில் போட்டுச் சுற்றோ சுற்றென்று சுற்றினார்கள். நான் செய்ததைவிட என் ரத்தம் அதிகப் பிரதட்சிணம் செய்துவிட்டது. மேலே தெளிந்து நின்ற மஞ்சள் தண்ணீரை எடுத்து, மெஷினில் பார்த்துக்கொண்டே கிழிந்த இடத்தில் ஊசியால் விட்டாள் அந்தப் பெண். "வெளியேருந்து எதுவும் போடல சார். உங்க ஒடம்பே தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்கறதுக்குத் தூண்டி விடறோம்" என்றாள். "நிச்சயம் ஒட்டிக்குமாம்மா?" என்று கேட்டேன். "சிலருக்கு நல்லா கேக்குது, சிலருக்குக் கேக்கறதில்ல. பொய் சொல்ல மாட்டேன். மூணு மாசம் எதையும் தூக்காதீங்க. வலி மாத்திரையும் நானாச் சொல்ற வரைக்கும் வேண்டாம்" என்றாள். வலித்தது அத்திம்பேர். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊசிக்கு மட்டும் வந்த தண்ணீர் இல்லை. இந்த வருஷம் நான் தண்டுக்குக் கீழே இல்லை என்று அப்போதுதான் மனசில் உறைத்தது.

ஆகவே சொல்ல வந்தது என்னவென்றால், என் இடத்துக்கு எதிராஜனின் மாப்பிள்ளை வரச் சம்மதித்துவிட்டார். தங்கள் இடத்துக்குத்தான் ஆள் இல்லை. தாங்கள் உடனே புறப்பட்டு வர வேண்டும். வந்து, இந்த ஒரு வருஷமாவது நிஜமாகத் தூக்க வேண்டும். இல்லையென்றால் ஜமீலைக் கேட்டுவிடுவேன். ஒரே நாளில் தங்களைவிட அழகாகச் சிங்க நடை போட்டார். காரியஸ்தர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பது வேறு விஷயம். பெருமாள் டயரில் போனால் அந்தப் பாவம் தங்கள் வெண்ணெய்த் தோளின் மேல்தான். தாங்கும், புதுசாகத்தானே இருக்கிறது.

அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசிகள். மாப்பிள்ளைக்கு விசாரிப்பு. தாங்கள் கோபம் தணிந்து பல்லாண்டு வாழப் பிரார்த்திக்கும்,

தங்கள் கிழிந்த மைத்துனன்,
ரெங்கராஜன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் அக்கா போன் செய்தாள். நான் ஹலோ சொல்வதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். "ஏண்டா, தெரு பூரா தண்டோரா போட்டியே, உங்க அத்திம்பேர் எந்தத் தோள்ல தூக்கறார்னு உனக்குத் தெரியுமோ?" என்றாள். "எல்லாரும் தூக்கற தோள்லதான்" என்றேன். "எழுந்து நின்னு பாரு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எழுந்து நின்றேன். ஒட்டடைக் குச்சியைத் தண்டாக வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்து பார்த்தேன். இடப்பக்கத் தண்டுக்கு வெளியே நின்றால் அது வலது தோளில் உட்காருகிறது. எனக்கும் எதிராஜனுக்கும் சரி. வலப்பக்கத் தண்டுக்கு வெளியே போய் நின்றேன். குச்சி இடது தோளில் உட்கார்ந்தது. குச்சியோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டருக்குப் போன் செய்தேன். "அவர் இடது தோள்ல தூக்குவார்னு யாருமே சொல்லலையே சார்!" என்றாள். அக்காவை மறுபடி கூப்பிட்டேன். தங்கள் இடது தோளில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு முண்டு இருக்கிறதாம். நாலு மடிப்புத் துண்டு அதற்காகத்தானாம். புறப்பாடு முடிந்ததும் ஆத்துக்கு ஓடுவது, அவள் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதற்காம். இரண்டாவது தொன்னை அவளுக்காம். அந்தக் கை இப்போது ராத்திரியில் புரண்டு படுக்க விடுவதில்லையாம். "டாக்டர் வலதைக் காட்டுன்னா காட்டினார், அவர் என்னத்தைக் கண்டார்? சொல்லுங்கோளேன்னு நானும் கேட்டேன். 'இருபது வருஷமா அவன் முதுகைப் பாத்துண்டே நடந்தேன். அவன் ஒரு தரமாவது திரும்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்'னு சொல்லிட்டுப் படுத்துட்டார்" என்றாள்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம்தான். ஆனால் இடது கை இதற்கே முடியாது என்கிறது. ஆகவே, மேலே எழுதியதை எல்லாம் நானே அடித்துவிட்டதாக எண்ணிக்கொள்ள வேண்டும். ததியோன்னம் பற்றியதையும் சேர்த்து. தெரு வாட்ஸப் குழுவில் உண்மையைப் போட்டுவிட்டேன். பட்டர் அழுகிற பொம்மை ஒன்று அனுப்பியிருக்கிறார்.

தாங்கள் தூக்க வர வேண்டாம். இந்த வருஷம் பெருமாள் டயரிலேயே போகட்டும், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். பக்கம் மாறி, வலப்பக்கம் நானும் இடப்பக்கம் தாங்களும் வண்டியை ஆளுக்கு ஒரு நல்ல கையால் பிடித்துக்கொண்டு கூட நடக்கலாம். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பார்த்தால் ஒரு ஆளுக்கு ஆகிற நல்ல தோள் இருக்கிறது. ஒருவர் பின்னால் ஒருவராக இல்லை, இந்தத் தடவை எதிரும் புதிருமாக, நான் பார்க்கிற இடத்தில் தாங்கள் நடக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை டாக்டரிடம் தங்கள் பெயரில் டோக்கன் போட்டிருக்கிறேன். தண்ணீர் குடிக்க வேண்டாம். மறக்காமல் இடது தோளோடு வரவும்.